கிருமிக்கு அக்காவைத் தெரியாது

அக்காவின் காலிலிருந்து எடுத்த சீழ் கையகலத் தட்டு ஒன்றில் முளைத்துக்கொண்டிருந்தது. நான் அந்தத் தட்டு இருந்த பெட்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உடம்புச் சூட்டிலேயே தட்டுகளை வைத்திருக்கும் பெட்டி அது. கதவைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு இறங்கும், வளர்ச்சி தாமதமாகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இதை எத்தனையோ முறை எரிந்து விழுந்து சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் கையே கைப்பிடிவரை போய்ப் போய்த் திரும்பியது.

பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கிருமி வளர்க்கிற வேலை. நோயாளிகளின் சீழ், சிறுநீர், ரத்தம் என்று வருவதையெல்லாம் தட்டில் பூசி, என்ன கிருமி என்று பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லும்வரை டொக்டர்மார் ஊகத்தில்தான் மருந்து கொடுப்பார்கள். அக்காவுக்கும் ஊக மருந்துதான் ஏறிக்கொண்டிருந்தது. கால் முழங்கால்வரை சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. சத்திரசிகிச்சை டொக்டர் காலையில் பார்த்துவிட்டு, இன்னும் மேலே ஏறினால் முழங்காலோடு எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா ஹாலிஎலவுக்கு மேலே, ஆட்டுக்கும் வழுக்குகிற சரிவில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அந்தக் கால் இல்லாமல் அவள் எப்படிப் பிழைப்பாள் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

நடந்தது சின்ன விஷயம்தான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் விழுந்து கிடக்கும் குச்சிகளை எங்கள் ஆட்கள் மிலாறு என்பார்கள். காய்ந்தால் நல்ல விறகு. அதைப் பொறுக்கப் போன அக்காவுக்கு, வெட்டிவிட்ட தேயிலைக் கட்டை ஒன்று முழங்காலுக்குக் கீழே குத்திவிட்டது. பக்கத்து வடிகானில் ஓடின தண்ணீரில் கழுவிக்கொண்டு, பொறுக்கின விறகையும் சுமந்துகொண்டுதான் வீடு வந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நடந்ததில்தான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றைக் காம்பரா வீடுகளின் வரிசையில், ஒரு பால்மா டின் உண்டு. யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், கொடுத்த மாத்திரையில் பாதியைச் சாப்பிடுவார்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுவார்கள். மிச்சம் டின்னுக்குள் போகும். சோம்பலால் அல்ல. சுகமான பிறகும் முழுவதையும் தானே விழுங்குவது அங்கே ஒருவிதப் பேராசை. இன்னொருத்தர் பிள்ளைக்கு நாளைக்கு வேண்டியிருக்குமே என்பார்கள். டின் அந்தந்த வீட்டு நோயைப் பொறுத்துக் காம்பராவுக்குக் காம்பரா போகும். வில்லைகள், தூள் அடைத்த கருஞ்சிவப்புக் கூடுகள், எந்த ஆஸ்பத்திரி எதற்குக் கொடுத்தது என்று தெரியாத வெள்ளை மாத்திரைகள் எல்லாம் அதில் ஒன்றாகக் கிடந்து குலுங்கும். காயம் என்றால் இரண்டு கூட்டைப் பிரித்து, உள்ளே இருக்கிற தூளைக் காயத்தின் மேல் தூவுவார்கள். விபூதி போடுகிற மாதிரி மூன்று விரலால் பக்குவமாகத் தூவுவார்கள்.

அக்காவுக்குத் தூவியவள் பக்கத்துக் காம்பரா மதினி. இரத்த உறவு இல்லை, ஆனால் எங்கள் அம்மா போன பிறகு அக்காவுக்கு எல்லாமே அவள்தான். அவளும் அக்காவை மதினி என்றுதான் கூப்பிடுவாள். நாள் தவறாமல் வந்து தூவியிருக்கிறாள். காய்ச்சல் ஏறி அக்கா பிதற்றத் தொடங்கியபோது, புருஷனையும் எழுப்பிக்கொண்டு, போர்வையில் கட்டி, ரோட்டுவரை தூக்கி வந்ததும் அவள்தான். அதையும் சொல்ல வேண்டும்.

பெட்டிக்கு முன்னால் நின்றபோது எனக்கு எங்கள் மேடத்தோடு போட்ட சண்டை ஞாபகத்துக்கு வந்தது. கிருமிப் பிரிவுக்குப் பொறுப்பான டொக்டர் அவர். சிங்களப் பெண், என்னைவிட வயதில் இளையவர், தேநீர் நேரத்தில் என்னோடு வாதாடுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்.

மருந்துக்குச் சாகாத கிருமியைத் தட்டில் பார்த்தால், "இவன் கெட்டிக்காரன், மருந்தைப் படித்துவிட்டான்" என்று நான் சொல்லிவிடுவேன். அவருக்கு அது பொறுக்காது.

"யாரும் எதையும் படிக்கவில்லை," என்பார். "கோடிக்கணக்கில் பெருகும்போது ஒன்றிரண்டு பிழையாகப் பிறக்கும். மருந்து வந்து மற்றதையெல்லாம் கொன்றுவிடும். பிழையாகப் பிறந்தது மிஞ்சும். மிஞ்சினதின் பிள்ளைகளைத்தான் நீங்கள் கெட்டிக்காரன் என்கிறீர்கள்."

நான் விடமாட்டேன். சீனி இருக்கிற பக்கம் நீந்துகிறதே என்பேன். சற்று முன்பு இருந்ததைவிட இப்போது சீனி கூடுதலா குறைவா என்று ஒப்பிட்டுத்தானே திரும்புகிறது, முன்பு இருந்தது ஞாபகத்தில் இல்லாமல் எப்படி ஒப்பிடும் என்று கேட்பேன். தனியாக இருக்கும்வரை வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கிற கிருமி ஜாதிகள் உண்டு. ஒன்றுக்கொன்று ஏதோ ஒரு ரசத்தைக் கசியவிட்டு, அக்கம்பக்கத்தில் போதுமான கூட்டம் சேர்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் நஞ்சைச் சுரக்கும். தொழிற்சங்கக்காரர்களுக்கே அந்தப் பொறுமை இல்லை என்று நான் சொன்னபோது மேடம் சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்துவிட்டு, "உங்கள் வீட்டு ரைஸ் குக்கர் சோறு வெந்ததும் தானாக நிற்கிறது. அதற்குச் சோற்றைத் தெரியும் என்பீர்களா?" என்றார்.

"ரைஸ் குக்கர் குட்டி போடுவதில்லையே மேடம்."

"அதுதான் விஷயம். குட்டி போடுகிறது, பிழை விடுகிறது, மிஞ்சுகிறது. உலகம் தோன்றின காலத்திலிருந்து இது நடந்தால் புத்தி மாதிரி ஒன்று வெளியே தெரியும். உள்ளே ஆள் இல்லை."

உள்ளே ஆள் இல்லை என்ற பேச்சு எனக்கு எப்போதும் சுருக்கென்று தைக்கும். தோட்டத்தில் எங்களை ஆள் என்றுகூட எண்ணமாட்டார்கள், பேர் என்றுதான் எண்ணுவார்கள். இன்றைக்கு இத்தனை பேர் என்று, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கு முடியும். லயத்து ஆட்களுக்கு என்ன தெரியும், சொன்னதைச் செய்வார்கள் என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். அதனால் எதைப் பார்த்து யார் புத்தி இல்லை என்றாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். கிருமிக்கும் சேர்த்து வக்காலத்து வாங்குகிறேன் என்று மேடம் கேலி செய்வார். இருக்கலாம். புத்தி என்றால் தனக்கு வேண்டியதை அறிந்து நடப்பது என்றால், கிருமிக்குப் புத்தி உண்டு என்றுதான் நான் பிடிவாதமாக இருந்தேன். அது தான் இருப்பதை உணருமா என்பது வேறு கேள்வி. அதில் எனக்கே தெளிவில்லை.

தேநீர் கோப்பையோடு பேசுகிறபோது இதெல்லாம் சுவையாகத்தான் இருந்தது. அக்காவின் கால் கட்டிலில் கிடக்கும்போது கிருமியின் கெட்டித்தனத்தை மெச்ச எனக்கு மனம் வரவில்லை. அது முட்டாளாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

வார்டுக்குப் போனேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நெற்றியைத் தொட்டதும் திறந்தாள்.

"தட்டுல என்னா காட்டுது?"

"நாளைக்குத்தான் தெரியும்க்கா."

வீங்கின காலைப் பார்த்தாள். பிறகு, நான் எதிர்பார்க்காததைக் கேட்டாள்.

"இப்ப உள்ளுக்க இருக்குல்ல, அதுக்கு என்னயத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. அதுக்கு கண்ணும் இல்ல, மூளையும் இல்ல."

"என் கால திங்குது. என்னயத் தெரியாதா?"

நான் மேடத்தின் பேச்சைச் சொன்னேன். எனக்கே நம்பிக்கையில்லாத பேச்சை அப்படியே ஒப்பித்தேன். அது உன்மேல் கோபப்பட்டுச் செய்யவில்லை, உன்னைத் தேடி வரவில்லை, அதற்குப் பெருக மட்டும்தான் தெரியும் என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அக்காவின் முகம் சுண்டிப் போனது.

"கோவத்துல திங்குதுன்னா சாமிகிட்டயாவது முறையிடலாம்," என்றாள். "ஒன்னும் தெரியாம திங்குறதுகிட்ட என்னாத்த பேசுறது?"

அந்த நேரம் பார்த்து மதினி சோற்றுப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தாள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். கட்டிலோரம் நின்று, காலைப் பார்த்து, "தூள் நல்லாத்தானே போட்டேன், எப்படி இப்படி ஆச்சு," என்று முனகினாள். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"நீங்க போட்ட தூள்தான் மதினி. அந்த டின்தான் இந்தக் கிருமிக்கு பள்ளிக்கூடம். அரையும் குறையுமா மருந்தக் காட்டிக் காட்டி அதுக்கு பழக்கிட்டீங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. மதினி பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, அக்காவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள். அந்த ஒரு காயத்தில் தூவியதால் வந்தது அல்ல இது, வருஷக் கணக்காக அந்த லயமே செய்து வந்தது என்று நான் திருத்திச் சொல்லியிருக்க வேண்டும். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் தட்டில் கிருமி முளைத்ததும், அதை எடுத்து இன்னொரு தட்டில் புல்தரை மாதிரி ஒரே சீராகப் பூசி, மேலே மருந்து தோய்த்த சிறு காகித வட்டங்களை வைப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்தால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெறுமையாக ஒரு வளையம் தெரியும். வேலை செய்யாவிட்டால் காகிதத்தின் ஓரம்வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

அக்காவின் தட்டை நான் வாசிக்கக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி என்றேன். ஆனால் பின்னால் நிற்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

காலை வெளிச்சம் வருகிற ஜன்னலுக்கு நேரே அவர் தட்டைத் தூக்கிப் பிடித்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். முதல் வட்டத்தில் வளையம் இல்லை. ஊகத்தில் ஏறிக்கொண்டிருந்த மருந்து அது. இரண்டாவதிலும் இல்லை. தட்டை மெதுவாகத் திருப்பினார். கிருமி ஒவ்வொரு காகிதத்தையும் நெருங்கி உரசிக்கொண்டு நின்றது. இன்னும் திருப்பினார்.

"இது ஒன்று இருக்கிறது," என்றார்.

ஒரு காகிதத்தைச் சுற்றி மட்டும் வளையம். அடிமட்டக் கோலை வைத்து அளந்தார், மறுபடியும் அளந்தார், தலையை ஆட்டினார். நான் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் வார்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து என் எதிரில் அமர்ந்தார். "இத்தனை மருந்துக்கும் சாகாத தந்திரத்தை இது தானாகவே அடைந்திருக்காது," என்றார். "பக்கத்தில் இருந்தவை கொடுத்திருக்கும்."

அது எனக்கும் தெரிந்த பாடம்தான். ஒரு கிருமி இன்னொன்றை நெருங்கி, குழாய் மாதிரி ஒன்றை நீட்டித் தொட்டு, மருந்திலிருந்து தப்பிக்கிற வழி பதிந்த துண்டு ஒன்றின் பிரதியைக் கொடுக்கும். சொந்த பந்தம் பார்க்காது. வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுக்கும். அந்த விஷயத்தில் நம்மாட்களைவிட அது மேல். ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டபோது என் கண்முன்னே வந்தது பால்மா டின். எங்கள் லயம் மிஞ்சிய மருந்தைக் காம்பராவுக்குக் காம்பரா கொடுத்தது. கிருமி மிஞ்சுகிற வழியைப் பக்கத்துக்குப் பக்கம் கொடுத்தது. இரண்டு பக்கமும் கொடுத்துக் கொடுத்துத்தான் அக்காவின் கால்வரை வந்து சேர்ந்திருந்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கவில்லை. அப்படியானால் புத்தி எந்தப் பக்கம் இருந்தது என்று மேடத்திடம் கேட்க நினைத்தேன். கேட்கத் தெம்பில்லை.

புதிய மருந்து ஏறியது. முதலில் காய்ச்சல் இறங்கியது. டொக்டர் பேனாவால் காலில் போட்டிருந்த கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஏறவில்லை, பிறகு கோட்டுக்குக் கீழே இறங்கியது. கால் தப்பியது. ஊசியை நிறுத்தி, அதே மருந்தை மாத்திரையாக எழுதிக் கொடுத்து, வீட்டில் போய் முழுவதையும் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்றார்கள்.

நான் அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்துச் சொன்னேன். இந்த ஒரு மருந்துதான் மிச்சம். பாதியில் நிறுத்தினால் உள்ளே அரைகுறையாக இருப்பவை மறுபடி கிளம்பும், அப்போது கொடுக்க வேறு ஒன்றும் இருக்காது, கால்தான் போகும். ஒரு மாத்திரைகூட டின்னுக்குப் போகக் கூடாது, ஒருத்தருக்கும் கொடுக்கக் கூடாது.

"இதயும் கத்துக்குமா அது?" என்றாள் அக்கா.

"கத்துக்காது. மிஞ்சும்," என்றேன். என் வாயிலிருந்து மேடத்தின் சொல் வந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். மழை விட்டு மலையெல்லாம் ஈரமாகக் கிடந்தது. அக்கா காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்து எனக்குப் பால் விடாத சாயத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். காயத்தின் ஓரம் சுருங்கியிருந்தது. சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த மாத்திரை அட்டையை நான் எடுத்துப் பார்த்தேன். ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாள். கடைசியாகச் சில மட்டும் இருந்தன. அட்டையை அவள் பக்கத்தில் வைத்தேன்.

வாசலில் மதினி வந்து நின்றாள். என்னைக் கண்டதும் தயங்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே உள்ளே வந்து அக்காவின் கட்டிலருகே குந்தினாள்.

"மதினி, அவருக்கு கை வீங்கிருச்சு. பெக்டரியில மெசின்ல கீறுனது. நேத்தெல்லாம் ஒரே குளிர் காச்சல். டின்ல இருந்ததக் குடுத்தேன், கேக்கல." குரலைத் தாழ்த்தினாள். "அந்த ஆஸ்பத்திரி மாத்திரையில ஒன்னு ரெண்டு குடுங்க. ஒங்களுக்குத்தான் சொகமாயிருச்சே."

"மதினி, அண்ணன இப்பவே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போவோம்," என்றேன் நான். "நான் ஓட்டோவுக்கு போன் பண்றேன்."

"ஆஸ்பத்திரின்னா அவரு வரமாட்டாரு. வேல போயிரும்ங்கிறாரு." அப்போதும் அவள் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நீட்டியிருந்தது. தூள் தூவின கை அது. போர்வையில் அக்காவைக் கட்டித் தூக்கின கை.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். கொடுக்காதே என்று வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஒரு மாத்திரையால் அவர் கை ஆறாது, இவள் காலும் கெட்டுப்போகும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்.

அக்கா அட்டையை எடுத்தாள். பெருவிரலால் அழுத்தி ஒரு மாத்திரையை உடைத்து எடுத்தாள். மதினியின் உள்ளங்கை இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. அக்கா மாத்திரையைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். சாயத் தண்ணியை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள்.

மதினியின் கை அப்படியே இருந்தது. பிறகு அந்தக் கையால் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து தன் காம்பராவுக்குப் போனாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்போம்.

லயத்துச் சுவர் கூரைவரை போவதில்லை. பக்கத்துக் காம்பராவில் மூச்சு விட்டாலும் கேட்கும். அந்தப் பக்கம் அவர் முனகுவது கேட்டது. அதற்கு மேல் டின் குலுங்குகிற சத்தம் கேட்டது. மதினி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள், ஏதாவது ஒன்று அகப்படுமா என்று.

"நீ செஞ்சது சரிதான்க்கா," என்றேன். ஓட்டோக்காரரின் எண்ணை அழுத்திக்கொண்டே சொன்னேன்.

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் தானாக வழிந்தது.

"சரிதான். அந்தக் கிருமிக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொன்னியே, யாரத் திங்குறோம்னு தெரியாதுன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்குத் தெரியுதே."

டின் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. அக்கா கட்டிலைப் பிடித்து எழுந்தாள். நான் தாங்கப் போனதைத் தள்ளிவிட்டு, அந்தக் காலை இழுத்து இழுத்து வாசலைத் தாண்டி, பக்கத்துக் கதவின் முன்னால் போய் நின்றாள்.

"மதினி, நாந்தான். கதவத் தெறங்க. அண்ணன ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

டின் சத்தம் நின்றது.